வாடகை வீட்டு ஷவரில் டைல்ஸ் பெயர்ந்தால்: மலை ஊர்களுக்கான முழு வழிகாட்டி

ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ வாடகைக்கு இருப்பவர் வீட்டில் ஷவர் பக்கத்து டைல் ஒன்று ஆட ஆரம்பித்தால், முதலில் நினைவுக்கு வருவது ஒயிட் சிமென்ட். ஒரு கிலோ வாங்கிக் குழைத்து, இடுக்கில் அப்பி விட்டால் அன்றைக்குச் சரியாகிவிட்ட மாதிரிதான் இருக்கும். அடுத்த சாரல் காலம் முடிவதற்குள் அதே இடம் மறுபடி பெயரும், பக்கத்து டைலையும் கூட்டிக்கொண்டு.

சிமென்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மதுரையில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும் சுவர், இங்கே ஒரு வாரமானாலும் ஓதம் விடாது. டைல் வேலையில் கை வேலை ஒரு மணி நேரம்தான், மற்ற நேரமெல்லாம் காய விடுவது. மலையில் நடக்கும் டைல் ரிப்பேர்களில் பல தோற்பது ஈரச் சுவரில் அவசரமாகப் பூசுவதால்தான். இந்த வழிகாட்டியும் அதனால் பூச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

இன்னொன்று, வீடு உங்களுடையது அல்ல. எதை நீங்களே செய்யலாம், எதை ஓனரிடம் விட வேண்டும் என்ற கோடு ஒவ்வொரு கட்டத்திலும் வரும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். நாணயத்தின் விளிம்பால் ஒவ்வொரு டைலையும் ஐந்து இடத்தில் தட்டுங்கள், நான்கு மூலையும் நடுவும். கெட்டியாகப் பிடித்திருந்தால் ‘டக்’ என்று குட்டைச் சத்தம் வரும். பின்னால் வெற்றிடம் இருந்தால் காலி டப்பாவைத் தட்டுவது போல ‘டொப்’. டொப் கேட்கும் இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுங்கள். முழுச் சுவரும் முடிந்ததும் இரண்டடி பின்னால் நின்று ஒரு போட்டோ எடுங்கள். குறிகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதிலேயே பாதி பதில் இருக்கும்.

குறிகள் அங்கங்கே மூலைகளில் மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. டைலின் நடுவில் கலவையை உருண்டையாக வைத்து அழுத்துவது பழைய வழக்கம், மூலைகள் அப்போதே வெறுமையாக நின்றிருக்கும். ஷவர் குழாய் ஏறும் பாதையிலேயே கீழிருந்து மேலாக வரிசையாக டொப் கேட்டால், உள்ளே போகும் பைப்பைச் சந்தேகிக்க வேண்டும். தரையோடு ஒட்டிய முதல் இரண்டு வரிசை முழுக்கக் கேட்டால் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது. நான்கைந்து டைல் ஒன்றாக வெளியே உப்பி, கையால் அழுத்தினால் உள்ளே போய் வந்தால், அந்தப் பகுதியை இனி தொடாதீர்கள். ஒரு டைல் நழுவினால் மொத்த வரிசையும் காலில் விழும்.

விரிசலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மேல் பளபளப்பில் மட்டும் சிலந்தி வலை மாதிரி மயிர்க்கோடுகள் தெரிந்தால் அது கிளேஸ் வெடிப்பு. பழைய செராமிக் டைலின் உடல் ஈரம் குடித்துச் சற்றே உப்பும், மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு கூடவே நீளாது, வெடிக்கும். ஜனவரிக் காலையில் 8 டிகிரியில் கிடக்கும் சுவர் மேல் கீசர் தண்ணீரை முழுச் சூட்டில் திறந்துவிடுவதும் இதை வேகப்படுத்தும். பார்க்க அழகில்லை, அவசரமும் இல்லை. ஒரே டைலுக்குள் முடிகிற ஆழமான விரிசல் ஏதோ இடித்ததால் வந்திருக்கும். ஆனால் ஒரே கோடு டைல் டைலாகத் தாண்டி, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கினால் உடைந்திருப்பது சுவர். சரிவில் கட்டிய வீடுகளில் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால் இப்படித்தான் தெரியும். கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் தேதி எழுதி, ஒரு மாதம் கழித்து நீண்டிருக்கிறதா என்று பார்த்து, ஓனரிடம் சொல்லுங்கள். அங்கே டைல் ஒட்டுவது வீண்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மலை வீட்டில் டைலுக்குப் பின்னால் ஈரம் வர மூன்று வழி உண்டு: ஷவர் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்குவது, சுவருக்குள் ஓடும் கன்சீல்டு பைப் கசிவது, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண். மூன்றாவதைச் சமவெளிக் கொத்தனார்கள் எளிதில் யோசிப்பதில்லை. சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் பாத்ரூமின் பின்சுவர் பெரும்பாலும் மண்ணை ஒட்டியே நிற்கும். மழைக்காலம் முழுக்க அந்த மண் குடித்த நீர் சுவர் வழியாக உள்ளே பொசிந்து, டைலைப் பின்னாலிருந்து தள்ளும். டைல் இடுக்குகளில் வெள்ளை உப்புப் பூத்திருப்பது இதற்குப் பொதுவான அடையாளம்.

பிரித்தறியும் வழி செலவில்லாதது, பொறுமை மட்டும் வேண்டும். ஐந்து நாள் ஷவரைத் திறக்காமல், எதிர் மூலையில் வாளி வைத்து, சுவரில் படாமல் குளியுங்கள். சுவரின் மறுபக்கத்து அறையில் ஈரத் திட்டு இருந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். ஐந்தாம் நாள் திட்டு சுருங்கியிருந்தால் ஷவர் தண்ணீர்தான் காரணம், மிச்ச வேலை இடுக்குகளில். மழையே இல்லாத நாட்களிலும் சுருங்காமல் நின்றாலோ பெரிதானாலோ பைப். மழை பெய்த மறுநாள் பெரிதானால் மண்.

பைப் என்று தோன்றினால் பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குழாய் முனைகளை அடைத்து, கேஜ் வைத்த கை பம்பால் தண்ணீர் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். குளிர் தண்ணீர் லைனையும் சுடுதண்ணீர் லைனையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சுடுதண்ணீர் லைன்தான் விரிந்து சுருங்கி மூட்டுகளில் முதலில் விடும்.

தரை கசிகிறதா என்ற சந்தேகத்துக்கு: நானி ட்ராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் துளை) வாயைத் துணி திணித்த பாலிதீன் பையால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். வாசல் படி ஓர் அங்குலத்துக்கு மேல் உயரமாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கீழ் வீட்டில் ஆள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு, மறுநாள் அவர்கள் சீலிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டியது

ஆடும் சுவரில் ஷவரை நிறுத்துங்கள். கீசர் சுவிட்சோ பிளக்கோ அந்தச் சுவரிலோ அதன் மறுபக்கத்திலோ இருந்தால் மெயினிலிருந்து அந்த லைனை அணையுங்கள். டிபி பெட்டியில் (வீட்டின் சுவிட்ச் பெட்டி) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். ஈரச் சுவரில் கை வைத்தால் சுர்ரென்கிறது என்றால் டைல் கதையை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த டைலின் பள்ளத்தை மூட, சுற்றியுள்ள டைல்களைத் துடைத்து உலர்த்தி, கெட்டியான பாலிதீன் தாளை நாலு பக்கமும் அகலமான வாட்டர்ப்ரூஃப் டேப்பால் ஒட்டலாம். குளிக்கும் நேரத்துக்கு மட்டும் மூடி, பிறகு கீழ் ஓரத்தைத் திறந்து விடுங்கள். நாள் முழுக்க மூடி வைத்தால் உள்ளேயே புழுங்கும். எம்-சீல் வைத்து அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது பக்கத்து நல்ல டைலையும் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுக்கும்போது இரண்டும் உடையும்.

ஓனரிடம் சொல்வது

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதை அதன் அட்டவணை பிரிக்கிறது. கட்டுமானப் பழுது, பைப் மாற்றுவது, உள் வயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைக்கு இருப்பவர் பக்கம். நீங்கள் இடித்து உடைத்த டைல் உங்கள் செலவு, சுவர் ஓதத்தால் உப்பிய டைல் ஓனருடையது என்று இதை வைத்துப் பேசலாம். அதற்குத்தான் தட்டிக் குறித்த போட்டோ, ஐந்து நாள் சோதனை எல்லாம். ‘நீங்கதான் உடைச்சீங்க’ என்று அட்வான்ஸில் பிடிக்கும்போது கையில் தேதியோடு படம் இருக்க வேண்டும்.

போனில் பேசினாலும் பிறகு வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போடுங்கள். இந்த மாதிரி:

“வணக்கம் சார். பாத்ரூம்ல ஷவருக்குக் கீழ தரையிலிருந்து ரெண்டாவது வரிசைல மூணு டைல் ஆடுது, ஒண்ணு விழற நிலைமைல இருக்கு. அஞ்சு நாள் ஷவர் போடாம பார்த்தோம், மழை இல்லாமலே பின் ரூம் சுவர்ல ஓதம் குறையல. பைப் லீக்கா இருக்கலாம்னு தோணுது. போட்டோ அனுப்பியிருக்கேன். பிளம்பரை நீங்க அனுப்புறீங்களா, இல்ல நான் கூட்டிட்டு வந்து பில் கொடுக்கட்டுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா நல்லது சார்.”

குற்றம் சாட்டும் தொனி இல்லை, சோதித்த விவரம் இருக்கிறது, தேதி இருக்கிறது, பதிலாக இரண்டு வழி இருக்கிறது. ஓனர் கோவையிலோ பெங்களூரிலோ இருந்தால் இரண்டாவது வழியைத்தான் பெரும்பாலும் எடுப்பார். ‘சரி, பண்ணிக்கோங்க’ என்ற பதிலும் எழுத்தில் வரட்டும். அதைப் பெறாமல் டைல் பெயர்ப்பதோ சுவரில் துளை போடுவதோ கூடாது. இடுக்கு நிரப்புவது, மூலையில் சிலிகான் போடுவது, மயிர்க்கோட்டை மூடுவது ஆகியவற்றுக்குச் சொன்னாலே போதும்.

காய வைப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் பருவம். மேற்குச் சரிவில் கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை டைல் வேலையை நினைக்கவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஊட்டிக்கு இரண்டு மழையும் உண்டு. ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை காற்று வறண்டிருக்கும், வேலைக்கு நல்ல காலம் அதுதான். ஆனால் இரவில் உறைபனி விழும். சிமென்ட் கலந்த எந்தப் பசையும் 5 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. அதனால் பூசும் வேலையைக் காலை பதினொன்றுக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்குள் முடித்தால், இரவுக் குளிர் வருவதற்குள் அது முதல் பிடிமானம் பெற்றுவிடும்.

ஜன்னலையும் லூவரையும் நாள் முழுக்கத் திறந்து வைப்பது பொதுவான தவறு. மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கும் நாட்களில் வெளிக்காற்றே சுவரை நனைக்கும். வெயில் அடிக்கும் பதினொன்று முதல் மூன்று வரை திறந்து, வாசலில் டேபிள் ஃபேனை வைத்து உள்ளிருந்து வெளியே காற்று போகும்படி ஓட விடுங்கள். மூன்றரைக்கு எல்லாவற்றையும் சாத்துங்கள். மாலையில் ரூம் ஹீட்டர் வைப்பதானால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, வயர் ஈரத்தரையில் கிடக்காமல் வையுங்கள். கரி அடுப்போ தணல் சட்டியோ உள்ளே கொண்டு போகவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையே காட்டாமல் கொல்லும், மலையில் அப்படிப் போன உயிர்கள் உண்டு.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது, குளிர்ந்த சுவர் எல்லாமே ஈரமாகத்தான் தோன்றும். டைல் பெயர்ந்த இடத்தில் ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி முத்திரையிட்டு 24 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் விடுகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் துளி இருந்தால் அது காற்றின் ஈரம், பரவாயில்லை. நல்ல வெயில் காலத்தில் ஐந்தாறு நாள், மழை முடிந்த கையோடு என்றால் இரண்டு வாரம் கூட ஆகும்.

இடுக்கு மட்டும் போயிருந்தால்

டைல் கெட்டி, இடையில் உள்ள பூச்சு மட்டும் உதிர்கிறது என்றால் நீங்களே செய்யலாம். பழையதன் மேலேயே பூசினால் ஒரு மாதத்தில் சோளப்பொரி மாதிரி உரிந்து வரும். சுரண்டி எடுக்க வேண்டும். உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றின் ஒரு முனையில் துணி சுற்றி டேப் போட்டால் கைப்பிடி ஆகிவிடும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடுக்குக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை. சுவர் டைல் ஏழெட்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும், குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் ஆழம் போங்கள். பழைய வீடுகளில் டைலோடு டைல் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருப்பார்கள். அங்கே பிளேடு நுழையாது, புதுப் பூச்சும் நிற்காது. மெல்லிய டைமண்ட் பிளேடு போட்டு இரண்டு மில்லிமீட்டர் திறக்க வேண்டும், அது பழகிய டைல்ஸ் மேஸ்திரியின் வேலை.

கறுப்புப் பூஞ்சை இருந்தால் துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து தேய்த்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அன்றைக்கு டாய்லெட் ஆசிட் எதையும் அந்தப் பக்கம் திறக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். தனியாக ஆசிட் ஊற்றுவதும் நல்லதல்ல, அழுக்கோடு சிமென்ட் இடுக்கையும் தின்றுவிடும். கழுவிய பின் மறுபடி காய விடுங்கள்.

கிரௌட் (இடுக்கு நிரப்பும் பூச்சு) எவ்வளவு வாங்குவது? 12-க்கு 18 அங்குல டைல், மூன்று மில்லிமீட்டர் இடுக்கு, மூன்றடி அகலம் ஏழடி உயரத்தில் இரண்டு சுவர் என்றால் முக்கால் கிலோ ஆகும். 8-க்கு 12 டைலானால் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆக ஒரு கிலோ பாக்கெட் ஒன்றோ இரண்டோ.

சிமென்ட் கிரௌட் என்றால் பாக்கெட்டில் சொன்ன தண்ணீருக்கு மேல் ஒரு கரண்டிகூட ஊற்ற வேண்டாம். கிலோவுக்குக் கால் லிட்டரை ஒட்டி இருக்கும். தண்ணீர் கூடினால் காய்ந்ததும் சுருங்கி ஊசி ஊசியாக விரியும், நிறமும் திட்டுத் திட்டாக வெளுக்கும். குழைத்து ஐந்து நிமிடம் வைத்து, மறுபடி கிளறி, ரப்பர் பலகையால் இடுக்குக்குச் சாய்வாக இழுத்து உள்ளே அழுத்துங்கள். துடைக்கும் நேரம்தான் மலையில் மாறும். பாக்கெட்டில் பதினைந்து இருபது நிமிடம் என்று போட்டிருக்கும், இங்கே முக்கால் மணி வரை போகலாம். விரலால் தொட்டால் ஒட்டாமல், அழுத்தினால் லேசாகப் பதியும் பதத்தில், பிழிந்த ஸ்பான்ஜால் துடையுங்கள்.

எபாக்ஸி கிரௌட் (சிமென்ட்டுக்குப் பதில் ரெசின் பசையும் அதை இறுக்கும் ஹார்டனரும் கலப்பது) தண்ணீர் விடாது, பாசி பிடிப்பதும் குறைவு. ஷவர் பகுதிக்கு அதுதான் எங்கள் தேர்வு, விலை சில மடங்கு அதிகம் என்றாலும். ஆனால் குளிரில் அதன் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகி, பௌடரோடு சேராது. அப்படியே கலந்தால் சில இடம் இறுகும், சில இடம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ரெசின், ஹார்டனர் பாக்கெட்டுகளைத் திறக்காமல் கை பொறுக்கும் சுடுதண்ணீரில் பதினைந்து நிமிடம் மிதக்க விட்டு, பிறகு பிரியுங்கள். பாதி பாதியாகக் கலப்பதானால் தராசில் எடை போட வேண்டும், கண் அளவு ஆகாது. கையுறை கட்டாயம். டைல் மேல் படிந்ததை அப்போதைக்கப்போது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட வேண்டும், மறுநாள் வரை விட்டால் டைலோடுதான் போகும்.

சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் தரையும் சேரும் விளிம்பு, குழாய் வெளிவரும் துளை, இந்த மூன்றிலும் கிரௌட் போடாதீர்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அசையும் இடங்கள் இவை, விறைப்பான பூச்சு கட்டாயம் வெடிக்கும். அங்கே பூஞ்சை எதிர்ப்புச் சேர்ந்த சிலிகான். கடையில் ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் வகை சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது, குழாயின் உலோகத்தையும் அரிக்கலாம். 280 மில்லி குழல் ஒன்று ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்கு எட்டு மீட்டருக்குக் குறையாமல் வரும். இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் ஒரே இழுப்பாகப் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவை தடவி, அது தோல் கட்டுமுன் டேப்பை உரித்துவிடுங்கள். இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது.

மயிர்க்கோடும் சின்ன விரிசலும்

இரண்டு குழாயாக வரும் அரால்டைட் மாதிரியான எபாக்ஸிப் பசை, அதில் டைல் நிறத்துக்கு ஒரு சிட்டிகை ஆக்சைடு பௌடர். விரிசலைத் துடைத்து, ஹேர் டிரையரால் சூடாக்கி (தரை உலர்ந்திருக்கும்போது மட்டும்), பசையைப் பிளேடு முனையால் உள்ளே அழுத்துங்கள். மறுநாள் பிளேடைப் படுக்க வைத்துச் சீவினால் மட்டமாகிவிடும். இது தண்ணீரைத் தடுக்கும், கோடு தெரியத்தான் செய்யும்.

ஒரு டைலை மாற்றுவது

முதலில் அதே டைல் கிடைக்குமா என்று பாருங்கள். ஓனர் கட்டும்போது மிஞ்சிய நாலைந்து டைல் பரண் மேலோ மாடிப்படிக்கு அடியிலோ கிடக்கும், கேட்டால்தான் நினைவு வரும். இல்லையென்றால் உடைந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மலையில் கடைகளில் இருப்பு குறைவு. நீலகிரிக்காரர்கள் மேட்டுப்பாளையமோ கோவையோ, கொடைக்கானல்காரர்கள் வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ இறங்க வேண்டியிருக்கும். அளவை மில்லிமீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள், 12-க்கு 18 என்று சொன்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு மில்லிமீட்டர் மாறும். கனத்தையும் பாருங்கள். ஷேடு ஒத்துப்போகவில்லையென்றால் பாதி ஒத்த நிறத்தைவிட, முழு வரிசையையும் வேண்டுமென்றே வேறு நிறத்தில் பட்டை மாதிரி மாற்றுவது கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஓனர் சம்மதித்தால்.

தண்ணீர் மெயினையும் கீசரையும் அணையுங்கள். ஷவர் வால்வுக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ள டைலில் துளை போட வேண்டாம், பைப் அங்கேதான் ஓடும். மற்ற இடமென்றால்: டைலைச் சுற்றி நாலு பக்க இடுக்கையும் முழு ஆழத்துக்குச் சுரண்டுங்கள். இதைச் செய்யாமல் உளி வைப்பதால்தான் பக்கத்து டைல் விரிகிறது. டைலின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள், சில்லு தெறிக்காது. நடுவில் டிரில்லில் ஆறு மில்லிமீட்டர் பிட் மாட்டி, ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) போடாமல், ஐந்தாறு துளை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சின்ன உளியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிப் பெயருங்கள். ஓரத்திலிருந்து நெம்பக் கூடாது.

பின்னால் இருக்கும் பழைய கலவையை, புது டைலின் கனத்தோடு நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக ஆழம் கிடைக்கும் வரை கொத்துங்கள். பள்ளம் அதற்கு மேல் இருந்தால் ஒன்றுக்கு நாலு சிமென்ட் மணல் கலவையால் முதலில் நிரப்பி, அது இறுகிக் காய விடுங்கள். ஒட்டும் பசையையே கனமாகப் போட்டு நிரப்பினால் சுருங்கி டைலைக் கோணலாக இழுக்கும். பிறகு இரண்டு பொருள் கலக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட், முதல் கோட் காய்ந்த பின் குறுக்கு வாக்கில் இரண்டாவது. பாலிதீன் சோதனை இந்தப் பூச்சுக்கு முன்னால்.

டைல் பசைப் பையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். 12-க்கு 18 டைல் ஒன்றுக்கு ஒரு கிலோ போதும். இருபது கிலோ பை வாங்கி மூன்று டைல் ஒட்டிவிட்டு மிச்சத்தை வைத்தால் இந்த ஈரத்தில் கல்லாகிவிடும், சின்னப் பாக்கெட்டோ மேஸ்திரியிடம் மிஞ்சியதோ கேளுங்கள். வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், பையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே கட்டி நெருடினால் அது கடையிலேயே ஈரம் குடித்த சரக்கு.

பசைக்கு டைலை ஊற வைக்கக் கூடாது. சிமென்ட் பாலில் ஒட்டும் காலத்தில் ஊற வைப்பது சரி, அந்தப் பழக்கத்தில் பல மேஸ்திரிகள் இன்றும் வாளியில் போடுவார்கள். நனைந்த டைலில் பசை பிடிக்காது. வழுவழுப்பான விட்ரிஃபைடு டைலை வெறும் சிமென்ட் பாலில் ஒட்டுவதும் இதே கதைதான்: தண்ணீரை உறிஞ்சாத முதுகில் சிமென்ட் வேர் விடாது, ஓரிரு வருடத்தில் முழு டைலாகக் கழன்று வரும், முதுகில் ஒரு துளி கலவை ஒட்டியிருக்காது.

சுவரில் பல் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்துப் பூசி, டைல் முதுகிலும் மெல்லியதாகத் தேய்த்து, வைத்து லேசாக ஆட்டி அழுத்துங்கள். ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது. முதுகு முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும், வெறும் மூலை இருந்தால் மறுபடி பூசுங்கள். இடுக்குக்கு ஸ்பேசர் அல்லது தீக்குச்சி. கீழே நழுவாமல் பக்கத்து டைலோடு டேப் போட்டு இரவு விடுங்கள். பையில் 24 மணி என்றிருந்தால் இங்கே இரண்டு மூன்று நாள் கழித்து இடுக்கு நிரப்புங்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தச் சுவரில் ஷவர் வேண்டாம்.

உடைத்த கழிவைச் சாக்கில் கட்டி உள்ளாட்சி சொல்லும் இடத்தில் போடுங்கள். பின்பக்கச் சரிவிலோ ஓடையிலோ கொட்டினால் மழைத் தண்ணீர் தேங்கி மறுபடி உங்கள் சுவருக்கே திரும்பும்.

மேஸ்திரி வரும் பெரிய வேலையானால்

சுவர் பாதிக்கு மேல் டொப் என்றால் அது ஓனர் செலவு, ஓனர் முடிவு. ஆனாலும் குளிக்கப் போவது நீங்கள், இரண்டு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டுவதாகச் சொன்னால், கீழே இருப்பது கெட்டியாக இருந்தால் மட்டும்தான் அது சரி. உப்பிய டைல் மேல் ஒட்டினால் இரண்டு அடுக்கும் சேர்ந்து விழும். வாட்டர்ப்ரூஃப் கோட் போட்டு, நானி ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல் ஏற வேண்டும். ஓதம் மண்ணிலிருந்து வருகிறதென்றால் உள்ளே எது போட்டாலும் இரண்டு மழைக்குத்தான் தாங்கும். வெளியே சுவரை ஒட்டிய மண்ணை வெட்டி இறக்கி, சரிவிலிருந்து வரும் நீரைத் திருப்பக் கால்வாய் எடுத்து, அணைச் சுவரில் அடைபட்ட வடிதுளைகளைத் திறந்த பின்தான் உள்வேலை.

வேலை முடிந்ததும் கீசரை 50 டிகிரிக்கு இறக்கி வையுங்கள். காலையில் முதல் தண்ணீரை வாளியில் பிடித்து, சூட்டை அளவுபடுத்திக்கொண்டு, பிறகு ஷவரைத் திருப்புங்கள். குளித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. பில், ஓனரின் ‘சரி’, முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். மிஞ்சிய டைல்களின் முதுகில் கம்பெனி பெயர், ஷேடு எண், பேட்ச் எண் மூன்றையும் மார்க்கரால் எழுதிப் பரணில் ஏற்றிவிடுங்கள், அடுத்து வருபவர் துண்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்காமல் இருக்க.